மருத்துவமனைக்கு மாதம் 6,000 டாலர், வீட்டுக்கு ஒன்றுமில்லை: கேட்டி பெக்கெட் நிகழ்வு ஆய்வு

1981 நவம்பர் 10 அன்று நடந்த செய்தியாளர் சந்திப்பில் அமெரிக்க அதிபர் ரொனால்டு ரீகன் ஒரு சிறுமியைப் பற்றிச் சொன்னார். வாழ்நாளில் பெரும்பகுதியை மருத்துவமனையிலேயே கழித்தவள். வீட்டுக்குப் போனால் அவளுக்கு நல்லது என்று மருத்துவர்கள் நினைக்கிறார்கள். வீட்டில் வைத்துப் பார்க்க மாதம் 1,000 டாலர் ஆகும். அது பெற்றோரின் சக்திக்கு மீறியது. மருத்துவமனையில் வைத்திருக்க அரசின் மெடிக்கெய்ட் திட்டம் மாதம் 6,000 டாலர் கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அவள் வீட்டுக்குப் போய்விட்டால் அதில் ஆறில் ஒரு பங்கைக் கொடுக்கக்கூட விதியில் இடமில்லை. இது என்ன நியாயம் என்று அதிபரே கேட்டார்.

அந்தச் சிறுமி கேட்டி பெக்கெட். அயோவா மாநிலத்தின் சீடர் ராப்பிட்ஸ் நகரைச் சேர்ந்தவள். அப்போது அவளுக்கு நான்கு வயதுகூட நிறையவில்லை.

மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான அரசு உதவி என்றதும் திட்டங்களின் பெயர்களையும் தொகைகளையும் அடுக்குவது வழக்கம். எந்தப் பட்டியலையும் விட இந்த ஒரு குழந்தைக்கு நடந்தது அதிகம் சொல்கிறது என்று நினைக்கிறேன். அரசின் பணம் குழந்தையைத் தொடர்ந்து போகிறதா, அது படுத்திருக்கும் கட்டிலோடு நின்றுவிடுகிறதா? யாருடைய வருமானத்தைப் பார்த்து உதவியை முடிவு செய்வது? வீட்டுக்கு வந்த பிறகு அந்த வேலையை யார் செய்வது? முதல் இரண்டு கேள்விகளுக்கு அமெரிக்கா ஒரு நல்ல பதிலைக் கண்டுபிடித்தது. மூன்றாவதை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தள்ளிப்போட்டு வருகிறது. அந்த மூன்றாவதுதான் குடும்பங்களை உடைக்கிறது.

நோயும் விதியும்

கேட்டி 1978 மார்ச்சில் பிறந்தாள். ஐந்து மாதக் குழந்தையாக இருந்தபோது வைரஸால் மூளை அழற்சி வந்தது. வலிப்பு வந்து நினைவு தப்பியது. உயிர் பிழைத்தாள்; ஆனால் உடல் தளர்ந்து, விழுங்கும் திறன் போய், மூச்சுக்கு வென்டிலேட்டரை நம்பியிருக்க வேண்டியதாயிற்று. பெற்றோர் ஜூலியும் மார்க்கும் நடுத்தர வர்க்கத்தவர்கள். அவர்களிடம் தனியார் இன்சூரன்ஸ் இருந்தது. அதற்கு ஆயுட்கால வரம்பு பத்து லட்சம் டாலர். சாதாரணக் குடும்பம் ஒரு பிறவியில் தொடாத தொகை அது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வளரும் குழந்தைக்கோ இரண்டு மூன்று ஆண்டுகள்கூடத் தாங்கவில்லை. இப்படிப்பட்ட ஆயுட்கால வரம்புகளைத் தடை செய்ய 2010 ஆம் ஆண்டின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது.

இன்சூரன்ஸ் தீர்ந்ததும் மெடிக்கெய்ட் வந்தது. 1965 இல் தொடங்கிய மெடிக்கெய்ட், மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து ஏழைகளுக்கு நடத்தும் மருத்துவ உதவித் திட்டம். பெக்கெட் குடும்பம் ஏழைக் குடும்பம் அல்லவே, பிறகு எப்படிக் கிடைத்தது? இங்கேதான் விதியின் நூலைப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

வருமானம் குறைந்த முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மாதாந்தர உதவித்தொகை தரும் எஸ்.எஸ்.ஐ. என்ற திட்டம் 1974 இல் நடைமுறைக்கு வந்தது. பெரும்பாலான மாநிலங்களில் எஸ்.எஸ்.ஐ. கிடைத்தால் மெடிக்கெய்டும் தானாகக் கிடைக்கும். குழந்தை பெற்றோருடன் வீட்டில் இருந்தால், பெற்றோரின் வருமானத்தில் ஒரு பகுதியைக் குழந்தையின் வருமானமாகவே ஏற்றிக் கணக்குப் பார்ப்பார்கள். ஒரு மாதத்துக்கு மேல் மருத்துவமனையிலோ காப்பகத்திலோ இருந்தால், குழந்தை அந்த வீட்டைச் சேர்ந்ததல்ல என்று ஆகிவிடும். பெற்றோரின் வருமானம் கணக்கிலிருந்து விலகும். மூன்று வயதுக் குழந்தைக்குச் சொந்த வருமானம் ஏது? உடனே தகுதி வந்துவிடும்.

இந்த இரண்டு பாதிகளையும் தனித்தனியே பார்த்தால் குற்றம் சொல்ல முடியாது. பிள்ளையைப் பராமரிப்பது பெற்றோர் கடமை, ஆகவே அவர்கள் வருமானத்தைப் பார்க்கிறோம் என்பது ஒரு நியாயம். வீட்டை விட்டுப் பிரிந்து நீண்ட காலம் மருத்துவமனையில் கிடக்கும் குழந்தையின் செலவைப் பெற்றோர் தலையில் கட்ட முடியாது என்பது இன்னொரு நியாயம். இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் கொடுமை தெரிகிறது: சிகிச்சை வேண்டுமென்றால் குழந்தையோடு சேர்ந்து வாழக் கூடாது. விதியை எழுதிய யாருக்கும் அந்த எண்ணம் இருந்திருக்காது. ஆனாலும் நடைமுறையில் அது அதைத்தான் சொன்னது.

இதன் மேல் இன்னொரு அடுக்கும் உண்டு. மெடிக்கெய்டில் மருத்துவமனைச் சிகிச்சை எல்லா மாநிலமும் கட்டாயம் தரவேண்டிய சேவை. நீண்டகால வீட்டுப் பராமரிப்போ பெரும்பாலும் மாநிலத்தின் விருப்பம். பணம் தானாகவே கட்டிடத்தை நோக்கி ஓடும்படி அமைந்த ஏற்பாடு இது.

இத்தகைய விதியின் முன் நிற்கும் பெற்றோருக்கு இருந்த வழிகள் மூன்று. குழந்தையை மருத்துவமனையிலேயே விட்டுவைக்கலாம். வேலையை விட்டு, சேமிப்பைக் கரைத்து, தகுதி பெறும் அளவுக்கு ஏழையாகலாம். அல்லது குழந்தையின் சட்டப் பொறுப்பையே அரசிடம் ஒப்படைத்துவிடலாம். மூன்றாவது வழியை யாரும் நாட மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2003 இல் வெளியிட்ட அறிக்கை, 2001 ஆம் ஆண்டில் மட்டும் 12,700க்கு மேற்பட்ட பிள்ளைகளை அவர்களுடைய பெற்றோரே குழந்தைகள் நலத் துறையிடமோ சிறார் நீதித் துறையிடமோ சேர்த்ததாகச் சொல்கிறது. காரணம், மனநலச் சிகிச்சை கிடைக்க அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. அந்த எண்ணிக்கையும் 19 மாநிலங்களும் 30 மாவட்டங்களும் தந்த விவரத்தை மட்டும் வைத்தது.

ஒரு குழந்தைக்கு மட்டும்

ஆசிரியையான ஜூலி பெக்கெட் அலுவலகம் அலுவலகமாக மனுப் போட்டார். அயோவாவின் நாடாளுமன்ற உறுப்பினர் டாம் டாக் விஷயத்தைக் கையில் எடுத்தார். அவரிடமிருந்து துணை அதிபர் ஜார்ஜ் புஷ்ஷுக்கும், புஷ்ஷிடமிருந்து ரீகனுக்கும் போனது. செய்தியாளர் சந்திப்புக்குப் பிறகு சுகாதாரத் துறைச் செயலர் ரிச்சர்ட் ஷ்வைக்கர் கேட்டிக்கு விதியைத் தளர்த்தினார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்குச் சில நாட்கள் முன்பு கேட்டி வீட்டுக்கு வந்தாள்.

ரீகன் இதை அரசு விதிகளின் மூடத்தனத்துக்கு உதாரணமாகச் சொன்னார். அது உண்மைதான், ஆனால் முழு உண்மையல்ல. அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் கையெழுத்திட்ட பட்ஜெட் சட்டம், மெடிக்கெய்டுக்கு மத்திய அரசு மாநிலங்களுக்குத் தரும் பங்கை 1982இல் 3 சதவீதமும், 1983இல் 4 சதவீதமும், 1984இல் 4.5 சதவீதமும் குறைத்தது. விதியைத் தளர்த்தும் கையும் பணத்தை இறுக்கும் கையும் ஒரே ஆளுடையவை. இதைச் சொல்லாமல் நிகழ்வை மட்டும் சொன்னால், கருணை உள்ளம் கொண்ட ஒரு தலைவரின் கதையாக அது முடிந்துவிடும்.

என்னை அதிகம் உறுத்துவது வேறு. கேட்டிக்குக் கிடைத்தது உரிமை அல்ல, விதிவிலக்கு. விடாமல் எழுதத் தெரிந்த தாய், காது கொடுத்த ஒரு பிரதிநிதி, அந்த வாரம் ஓர் உதாரணம் தேவைப்பட்ட அதிபர் என்று மூன்றும் ஒரே நேரத்தில் கூடிவந்தன. அதே நவம்பரில் வேறு ஊர்களின் மருத்துவமனைகளில் அதே நிலையில் கிடந்த குழந்தைகளுக்கு இவற்றில் ஒன்றுகூட வாய்க்கவில்லை.

இரண்டு கதவுகள்

கேட்டியின் நிகழ்வு தனி ஒருவரின் வெற்றியாக நின்றுவிடாததற்குக் காரணம், அதற்கு முன்னும் பின்னும் வந்த இரண்டு சட்டப் பிரிவுகள். இவற்றைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். அமெரிக்காவிலேயே இரண்டையும் ஒரே பெயரில்தான் அழைக்கிறார்கள். ஆனால் குடும்பங்களுக்கு இவற்றின் வேறுபாடு உயிர் போகும் விஷயம்.

முதலாவது, மேலே சொன்ன 1981 ஆகஸ்ட் பட்ஜெட் சட்டத்தின் 2176 ஆம் பிரிவு. காப்பகத்தில் வைக்க வேண்டியவர்களுக்கு வீட்டிலேயே சேவை தர, மெடிக்கெய்டின் வழக்கமான விதிகளிலிருந்து மாநிலங்கள் விலக்கு கேட்கலாம் என்றது. செவிலியர், வீட்டு மாற்றங்கள், பெற்றோருக்கு ஓய்வு தரும் மாற்றுப் பராமரிப்பு என்று பலவற்றைச் சேர்க்க முடிந்தது நல்ல விஷயம். ஆனால் எத்தனை பேருக்கு என்று மாநிலமே எண்ணிக்கை வைத்துக்கொள்ளலாம். இடம் நிரம்பினால் வரிசையில் நிற்க வேண்டியதுதான். 2024 இல் நாடு முழுவதும் இந்த வரிசைகளில் இருந்தவர்கள் ஏறத்தாழ ஏழு லட்சம் பேர். சில மாநிலங்களில் குழந்தையாகப் பெயரைப் பதிந்து, பெரியவரான பிறகே முறை வருகிறது.

இரண்டாவது, 1982 ஆம் ஆண்டின் வரிச் சட்டத்திலுள்ள 134 ஆம் பிரிவு. இதுவே சரியான பொருளில் கேட்டி பெக்கெட் வழி. 19 வயதுக்குக் கீழ் இருக்க வேண்டும், எஸ்.எஸ்.ஐ. விதிகளின்படி மாற்றுத்திறனாளியாக இருக்க வேண்டும். மருத்துவமனையிலோ காப்பகத்திலோ வைத்துப் பார்க்கும் அளவுக்குப் பராமரிப்புத் தேவைப்பட வேண்டும். அதை வீட்டில் செய்வது பொருத்தமாக இருக்க வேண்டும். வீட்டுச் செலவு அங்கு ஆகும் செலவைத் தாண்டக் கூடாது. இவை பொருந்தினால் பெற்றோரின் வருமானத்தைப் பார்க்க மாட்டார்கள். குழந்தையின் பெயரில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்ப்பார்கள். ஒரு மாநிலம் இந்த வழியை ஏற்றுவிட்டால், தகுதியுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுத்தாக வேண்டும். தலை எண்ணி நிறுத்த முடியாது.

அந்த "ஏற்றுவிட்டால்" என்ற சொல்லில்தான் சிக்கல். ஏற்பதும் ஏற்காததும் மாநிலத்தின் விருப்பம். சில மாநிலங்கள் முழுமையாக ஏற்றன. சில, முதல் கதவை மட்டும் எண்ணிக்கை வரம்போடு திறந்தன. டென்னசி மாநிலத்தில் கேட்டி பெக்கெட் பெயரிலான திட்டம் தொடங்கியதே 2020 இல்தான். ஒரே நோய், ஒரே வென்டிலேட்டர், ஒரே சம்பளம் உள்ள இரண்டு குடும்பங்கள் மாநில எல்லைக்கு இருபுறமும் குடியிருந்தால், ஒன்றுக்கு உதவியும் மற்றதற்கு வரிசையும் கிடைக்கலாம். இதற்காகவே வீடு மாற்றிப் போகும் குடும்பங்கள் உண்டு. 2025 ஜூலையில் கையெழுத்தான பட்ஜெட் சட்டம் மெடிக்கெய்டுக்கான மத்திய நிதியைப் பத்தாண்டுகளில் பெருமளவு குறைக்கிறது. பணம் குறையும்போது மாநிலங்கள் கட்டாயச் சேவைகளில் கைவைக்க முடியாது. விருப்பச் சேவைகளைத்தான் முதலில் பார்ப்பார்கள். இரண்டு கதவுகளுமே அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

மாற்றுத்திறனாளி என்பதை யார், எப்படி முடிவு செய்வது என்பதிலும் நீண்ட சண்டை நடந்தது. பெரியவர் ஒருவரின் நோய் எஸ்.எஸ்.ஐ.யின் நோய்ப் பட்டியலில் இல்லாவிட்டாலும், அவரால் என்ன வேலை செய்ய முடிகிறது என்று தனியாக ஆராய்வார்கள். குழந்தைகளுக்கு அப்போது அந்த இரண்டாவது படி இருக்கவில்லை; பட்டியலில் இல்லையென்றால் மறுப்புதான். இது சட்டத்துக்குப் பொருந்தாது என்று 1990 பிப்ரவரியில் ஸெப்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. கதவு அகலத் திறந்தது. 1996 ஆம் ஆண்டின் நலத்திட்டச் சீர்திருத்தம் அதில் பாதியை மறுபடி மூடியது.

கணக்கில் வராத வேலை

1,000 டாலர், 6,000 டாலர் என்ற ஒப்பீட்டுக்குத் திரும்புகிறேன். வீடு ஏன் அவ்வளவு மலிவாக இருக்கிறது?

கட்டிட வாடகை இல்லை, நிர்வாகச் செலவு இல்லை என்பவை உண்மையான காரணங்கள். ஆனால் பெரிய காரணம், மருத்துவமனையில் சம்பளம் வாங்கிக்கொண்டு மூன்று ஷிப்டு ஆட்கள் செய்த வேலையை வீட்டில் தாயும் தந்தையும் சம்பளமில்லாமல் செய்வதுதான். தொண்டைத் துளையில் வைத்த டியூபில் சளி அடைத்தால் உடனே உறிஞ்சி எடுக்க வேண்டும். தாமதித்தால் மூச்சு நின்றுவிடும். அது இரவில் எத்தனை முறை அடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. டியூப் மாற்றுவது, குழாய் வழியே உணவு கொடுப்பது, அலாரம் அடித்தால் எழுந்து பார்ப்பது, மின்சாரம் போனால் கையால் பம்பு செய்வது ஆகிய எல்லாமே பயிற்சி பெற்ற செவிலியரின் வேலை. செவிலியர் வராத நாளில் பெற்றோரின் வேலை. சட்டம் கேட்ட ஐந்தாவது நிபந்தனை, வீட்டுச் செலவு அதிகமாகக் கூடாது என்பது. அந்தச் செலவில் பெற்றோரின் நேரத்துக்குப் போடப்பட்ட மதிப்பு பூஜ்யம்.

ஆரம்பத்திலேயே இது தெரியாமல் இல்லை. அப்போதைய தலைமை மருத்துவ அதிகாரி எவரெட் கூப், தானே குழந்தைகள் அறுவை மருத்துவர். 1982 டிசம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் அவர் ஒரு பயிலரங்கு கூட்டினார். மருத்துவர்களும் பெற்றோரும் உட்கார்ந்து, வென்டிலேட்டரை நம்பியிருக்கும் குழந்தையை வீட்டில் வளர்ப்பதற்கு என்னவெல்லாம் வேண்டும் என்று பேசினார்கள். ஜூலி பெக்கெட் பிற்பாடு இதையே தன் வாழ்நாள் பணியாக எடுத்துக்கொண்டு, இப்படிப்பட்ட குடும்பங்களை நாடெங்கும் இணைத்த ஃபேமிலி வாய்சஸ் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். இத்தனைக்கும் பிறகும், மெடிக்கெய்டின் தனிநபர் பராமரிப்பு விதிப்படி, சட்டப்படி பொறுப்புள்ள உறவினருக்கு, அதாவது பதினெட்டு வயதுக்குக் கீழான பிள்ளையின் பெற்றோருக்கு, சம்பளம் கொடுக்கக் கூடாது. கோவிட் காலத்தில் செவிலியர்கள் கிடைக்காமல் போனபோது பல மாநிலங்கள் தற்காலிக விலக்கு வாங்கிப் பெற்றோருக்கே சம்பளம் கொடுத்தன. அவசரநிலை முடிந்த பின் சில மாநிலங்கள் அதைத் தொடர்ந்தன, சில குறைத்தன, சில நிறுத்தின.

பெற்றோருக்குச் சம்பளமா, பாசத்துக்கு விலையா என்று கேட்பவர்கள் உண்டு. எந்தப் பெற்றோரும் தன் பிள்ளையைக் குளிப்பாட்டியதற்குக் கூலி கேட்கவில்லை. அரசு ஒப்புக்கொண்டபடி ஒரு செவிலியர் வந்திருக்க வேண்டிய இரவில், வேலையை விட்டுவிட்டு அந்தச் செவிலியரின் வேலையைச் செய்ததற்குத்தான் கேட்கிறார்கள். இந்த வேறுபாடு சட்டம் எழுதுபவர்களுக்குப் புரியாதது அல்ல.

பள்ளி வாசலில்

வீட்டுக்கு வந்த குழந்தை அடுத்துப் பள்ளிக்குப் போக வேண்டும். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கு இலவசப் பொதுக்கல்வியை உறுதி செய்யும் சட்டம் 1975 இலிருந்தே இருந்தது. ஆனால் வகுப்பறையில் வென்டிலேட்டரைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு யார் காசு கொடுப்பது? கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது; வழக்கு கிளம்பியதும் அதே சீடர் ராப்பிட்ஸிலிருந்துதான். நான்கு வயதில் மோட்டார் சைக்கிள் விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்ட ஒரு சிறுவனுக்குப் பள்ளி நேரம் முழுவதும் கூடவே ஒரு செவிலியர் தேவைப்பட்டார். செலவு அதிகம், இது மருத்துவச் சேவை, எங்கள் பொறுப்பல்ல என்றது பள்ளி மாவட்டம். 1999 மார்ச்சில் கேரட் எஃப். வழக்கில் ஏழு நீதிபதிகள் சிறுவன் பக்கம் நின்றார்கள். மருத்துவரே செய்ய வேண்டிய சிகிச்சையைத்தான் பள்ளி மறுக்கலாம். குழந்தை வகுப்பில் உட்காரத் தேவையான செவிலியர் உதவியை, செலவு அதிகம் என்ற காரணத்தால் மறுக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

வீட்டுக்கான சட்டத்தையும் பள்ளிக்கான சட்டத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பள்ளியில் செவிலியர் வேலைக்குச் செவிலியரை வைக்க வேண்டும். அதே குழந்தை மாலையில் வீடு திரும்பியதும், அதே வேலைக்கு ஆள் வராவிட்டால் அம்மா இருக்கிறாரே என்று விட்டுவிடலாம்.

பதினெட்டுக்குப் பிறகு

கேட்டி வளர்ந்தார். பகலில் சில மணி நேரம் வென்டிலேட்டர் இல்லாமல் இருக்க முடிந்தது. சொந்த ஊரிலிருந்த மவுண்ட் மெர்சி கல்லூரியில் படித்து 2001 இல் பட்டம் பெற்றார். தனி வீடு எடுத்துக் குடியேறினார். தன்னைப் போன்றவர்களின் உரிமைக்காகப் பேசினார். 2012 மே 18 அன்று, 34 வயதில் காலமானார். அவர் பெயரிலான வழியால் அதுவரை ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பயன்பெற்றதாக அப்போதைய செய்திகள் குறிப்பிட்டன.

அவர் பெயரிலான வழி 19 வயதில் முடிந்துவிடுகிறது. பதினெட்டு வயதிலேயே எஸ்.எஸ்.ஐ. பெற்றோரின் வருமானத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடுவதால், பலருக்கு அந்தப் பக்கமாக மெடிக்கெய்ட் தொடரும். ஆனால் அங்கே வேறொரு கயிறு காத்திருக்கிறது. எஸ்.எஸ்.ஐ. வாங்கும் தனிநபரின் சேமிப்பு 2,000 டாலரைத் தாண்டக் கூடாது. இந்த வரம்பு 1989 இலிருந்து மாறவே இல்லை. 2014 இல் வந்த ஏபிள் சட்டம், தனிக் கணக்கொன்றில் ஒரு லட்சம் டாலர் வரை சேர்த்து வைத்தால் எஸ்.எஸ்.ஐ.க்கு அதைக் கணக்கில் எடுப்பதில்லை என்று ஒரு வழியைத் திறந்தது. போடுவதற்குப் பணம் உள்ள குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல். இல்லாதவர்களுக்கு 2,000 டாலர்தான் எல்லை.

வளர்ந்த பிள்ளை பெற்றோர் வீட்டிலேயே இருந்து, சாப்பாட்டுக்கும் இருப்பிடத்துக்கும் எதுவும் கொடுக்கவில்லை என்றால், அவற்றை வருமானமாகக் கருதி உதவித்தொகையில் மூன்றில் ஒரு பங்கு வரை கழிப்பது எஸ்.எஸ்.ஐ. விதியாக இருந்தது. இரவெல்லாம் விழித்திருந்த பெற்றோரின் உழைப்பைச் செலவில் சேர்க்காத அதே அரசு, அவர்கள் பரிமாறிய சோற்றைப் பிள்ளையின் வரவில் சேர்த்துக்கொண்டது. உணவின் மதிப்பை இப்படி வருமானமாகக் கணக்கிடுவதை 2024 செப்டம்பர் 30 முதல் நிறுத்தினார்கள். தங்க இடம் கொடுப்பதை இன்னும் கணக்கிடுகிறார்கள்.